இடது பக்கத்து ஸ்பிரிங்

சமோவாக்காரர்கள் நிறைந்த மாங்கெரே பக்கம், காரின் உயரத்தைக் குறைத்துத் தரையோடு தாழ்த்தப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், யோசனை சொல்ல ஆள் வரிசையில் நிற்கும். அதிலும் காரைத் தாழ்த்துகிறவன் ஐம்பத்திரண்டு வயதுக்காரனாக, விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவனாக, வளர்ந்த மகன்கள் இருவர் உள்ளவனாக இருந்தால் கேட்கவா வேண்டும்? பெனியமினா கொல்லைப்புறத்தில் தார்ப்பாயை விலக்கி, வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய மாஸ்டா ஃபமிலியாவைத் தட்டி எழுப்பிய நாளிலிருந்து தெருவுக்குப் பொழுது நன்றாகப் போயிற்று. அவன் மனைவி மோலாங்கி மட்டும் சிரிக்கவில்லை. கூரை ஒழுகுகிறது, அதற்கில்லாத காசு காரின் காலை வெட்டுவதற்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

எல்லாம் நிகோ என்கிற ஃபாலானிகோவால் வந்தது. பெனியமினாவும் அவனும் ஒரே தெரு, ஒரே தேவாலயம், ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கான்கிரீட் வேலைக்கென்று பிரிஸ்பேன் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் பேசுவான். குரல் மட்டும்தான், முகத்தைக் காட்டடா என்றால் கேமரா உடைந்துவிட்டது என்பான். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், தேவாலயத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு நாலு நாள் வரப்போவதாகச் சொன்னான். ஃபமிலியா இருக்கிறதா என்று விசாரித்தான். இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பிறந்த பிறகு பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டேன் என்றான் இவன்.

"எறக்கி வையிடா," என்றான் நிகோ. "அந்தக் காலம் மாதிரி ஒரு ரவுண்டு போகணும். முன்னாடி சீட்டுல நான்."

கடைசியில் சொன்ன அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் பெனியமினா நேராகக் கொல்லைப்புறத்துக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினான்.

ஏனென்று தெரிய வேண்டுமானால் அவர்களுக்குப் பத்தொன்பது வயதான வருஷத்துக்குப் போக வேண்டும். என்ன வருஷம் அது! ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கி, தெருவில் பாதி வீட்டு வாசலில் ஃபமிலியா நின்ற காலம். சஸ்பென்ஷன் வாங்கக் காசு யாரிடம் இருந்தது? நிகோவின் அப்பா வேலை செய்த பட்டறையிலிருந்து சனிக்கிழமை ஒரு கிரைண்டர் வீட்டுக்கு வரும். காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிந்துவிட்டுத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. அறுத்த ஸ்பிரிங் சில நேரம் குழியில் உட்காராமல் கழன்று விழும். அதையும் ஒரு வீரச்செயல் மாதிரிதான் பேசிக்கொள்வார்கள்.

ஆறு மாதத்துக்கொரு முறை, கார் ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று பார்க்கிற வாரண்ட் சோதனை வரும். அறுத்த ஸ்பிரிங்கோடு போனால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகத் தெருவுக்கே பொதுவாக அறுக்காத செட் ஒன்று இருந்தது. அதற்கு வாரண்ட் ஸ்பிரிங் என்றே பெயர். யாருக்குச் சோதனையோ அவர்கள் வீட்டுக்கு முதல் நாள் அது போகும். மாட்டிக்கொண்டு போய், தேறியதற்கான சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்து, மறுநாள் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதில் யாரோ நீலப் பெயின்ட் சிந்தியிருந்தார்கள். அந்த நீலக் கறையோடு வரிசையாக எட்டுக் கார் வந்ததைப் பார்த்த சோதனைக்காரர், ஸ்பிரிங் சௌக்கியமா என்று விசாரித்த கதையை இன்றைக்கும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாரும் செய்த தப்பு ஒன்றுதான். காலியாக நிற்கும் காரைப் பார்த்து உயரத்தை முடிவு செய்தார்கள். சமோவாக்காரர்கள் காரில் காலியாகப் போன சரித்திரம் உண்டா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஐந்து பேர் ஏறினால் வயிறு தரையில் இழுபடும். பெனியமினாவின் காருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. நிகோ அந்த வயதிலேயே நூற்று நாற்பது கிலோ. அவன் முன் சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடும். வளைவில் திரும்பினால் டயர் மட்கார்டில் உரசி ரப்பர் நாறும். தெருவில் அதற்கு நொண்டி ஃபமிலியா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் பாடகர் குழுப் பெண்கள் தேவாலய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது நிகோ காரிலிருந்து இறங்கினான். கார் படக்கென்று நிமிர்ந்தது. அப்பாடா என்று கார் மூச்சு விடுகிறது என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், நிகோதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு நடந்தான். எந்த டாக்டர், என்ன நடை? அவன் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதித்ததில்லை. பெனியமினா ஜன்னலை இறக்கிவிட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் அவன் கூடவே காரை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போகும்வரை நிகோ அந்தக் காரின் முன் சீட்டில் உட்காரவில்லை. நீ உட்கார்ந்தாலும் சமமாக நிற்கிற மாதிரி ஒருநாள் ஸ்பிரிங் போடுவேன் என்று இவன் அப்போதே சொல்லியிருந்தான்.

அவனே இப்போது முன் சீட்டைக் கேட்டுவிட்டான். இனி என்ன யோசனை?

யோசனை காசைப் பற்றித்தான். வேலை இடத்தில் ஒருவன், உயரத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற செட்டை வாங்கு, அதுதான் ராஜா என்றான். விலையைக் கேட்டால் அது காரைவிட அதிகமாக இருந்தது. பாதி விலைக்கு இணையத்தில் ஒன்று கிடைத்தது. வாங்கியவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தான். முதல் குளிர்காலத்திலேயே எண்ணெய் ஒழுகிவிட்டதாக ஆளுக்கொரு படம் போட்டிருந்தார்கள். பழைய கார் உடைக்கிற இடத்தில் கிடைத்த ஸ்பிரிங் ஒரு விரல்கூட இறக்காது. மகன்கள் கிரைண்டரைக் கொண்டுவரட்டுமா என்று கேலி செய்தார்கள். அப்படிச் செய்தால் இந்தக் காலத்துச் சோதனைக்காரர்கள் காரோடு சேர்த்து அவனையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கடைசியில் பக்கத்து வட்டாரமான ஓடாஹுஹுவில் கம்பியைச் சுற்றி அளவுக்கு ஸ்பிரிங் செய்து தருகிற ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரரிடம் போய் நின்றான். பளபளப்பு ஒன்றும் கிடையாது, திருகுவதற்கும் ஒன்றும் இல்லை. நாலு ஸ்பிரிங், அதற்கேற்ற சாதாரண ஷாக் அப்சார்பர், அவ்வளவுதான். இரண்டு மாத ஓவர்டைமில் அடங்குகிற விலை. காரில் யார் யார் போவீர்கள் என்று ரஸ்ஸல் கேட்டார். நாங்கள் இரண்டு பேர்தான், நான் நூற்றுப் பத்து, அவன் நூற்றைம்பது, இடது பக்கம் முன்னும் பின்னும் அவன் எடைக்குத் தகுந்த மாதிரி கெட்டியாக வேண்டும் என்றான் பெனியமினா.

"அவர் இல்லாதப்ப இடது பக்கம் தூக்கிட்டு நிக்குமே, பரவாயில்லையா?" என்றார் ரஸ்ஸல். "எடையாவது சரியாத் தெரியுமா, குத்துமதிப்பா சொல்றீங்களா?"

முப்பது வருஷமாகப் பெட்டி தூக்குகிறேன், கண்ணால் பார்த்தே கிலோ சொல்வேன், கூடப் பிறந்தவன் மாதிரிப் பழகியவன் எடை எனக்குத் தெரியாதா என்று பெனியமினா பெருமையடித்துக்கொண்டான். பிரிஸ்பேன் சாப்பாட்டுக்குப் பத்துக் கிலோ கூட்டியே சொல்லியிருக்கிறேன் என்றான். ரஸ்ஸல் அதற்குமேல் கேட்கவில்லை.

ஸ்பிரிங் வந்தது, மாட்டியாயிற்று. மகன்கள் இரண்டு பேரையும் இடது சீட்டில் ஒருவர் மடியில் ஒருவராகத் திணித்து, தான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மோலாங்கியை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலது பக்கம் இரண்டு விரல், இடது பக்கமும் இரண்டு விரல். அவள் எழுந்து நின்று, முப்பது வருஷத்தில் ஒரு வேலையை உருப்படியாக முடித்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பூராவும் அவன் வாயில் பாட்டு ஓயவில்லை.

நிகோவை அழைத்துவர வேனில்தான் போனான், ஃபமிலியாவைக் காலையில் காட்டலாம் என்று. விமான நிலையத்தில் வெளியே வருகிறவர்களின் தலைக்குமேல் எட்டி எட்டிப் பார்த்தான். பெரிய கோட்டுக்குள் ஒடுங்கிப்போன ஒரு மனிதர் முன்னால் வந்து நின்று மறைத்தார். கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வாயெடுத்தான்.

"உசோ," என்றான் அந்த மனிதன்.

அண்ணன் தம்பிக்குச் சொல்கிற அந்தச் சொல்லை அந்தக் குரலில் கேட்ட பிறகுதான் ஆளைத் தெரிந்தது. கட்டிப்பிடித்தான். முன்பெல்லாம் நிகோவைக் கட்டினால் இவன் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. இப்போது இரண்டு கையும் சேர்ந்து, அதற்குமேலும் போயிற்று. எலும்பு குத்தியது. அந்த நேரத்திலும் பாழாய்ப்போன மனசு எடை போட்டது: எழுபத்தைந்து இருந்தால் அதிகம்.

வயிற்றில் கட்டி என்று பாதி வயிற்றை எடுத்துவிட்டார்களாம். மீதிப் பாதிக்கும் டாக்டர் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லையாம். இதை நிகோ வேனில் உட்கார்ந்து, வழியில் புதிதாக முளைத்த கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே சொன்னான். இவ்வளவு நாள் ஃபோனில் பேசினாயே, ஒரு வார்த்தை சொல்லவில்லையேடா என்று பெனியமினாவுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஃபோன்லயாவது குண்டாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்," என்றான் நிகோ. "கார் ரெடியா?"

ரெடி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. நூற்றைம்பது கிலோவுக்குச் சுற்றிய ஸ்பிரிங் மேல் இவன் போய் உட்கார்ந்தால் கார் இறங்கவே இறங்காது. இடது பக்கம் அப்படியே தூக்கிக்கொண்டு நிற்கும். உடம்பில் எவ்வளவு போய்விட்டது என்பதை ஒருவனுக்குக் கண்ணாடிகூட இவ்வளவு பச்சையாகக் காட்டாது. அதைக் காட்டுவதற்கா இரண்டு மாதம் ஓவர்டைம் பார்த்தோம்?

நிகோ படுத்துத் தூங்கியதும் மோலாங்கியிடம் புலம்பினான். கார் ரிப்பேர் என்று சொல்லிவிடட்டுமா என்றான். அவன் அதற்காகவே வந்திருக்கிறான், உள்ளதைச் சொல்லிவிடு என்றாள் அவள். எப்படிச் சொல்வது என்று கேட்டான்.

மறுநாள் காலை நிகோ எழுவதற்கு முன்னால் பெனியமினா தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். சமையலறையில் விழா விருந்துக்கென்று வாங்கி வைத்த அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டைகளாக அடுக்கியிருந்தது. மூன்றைத் தூக்கினான். இரண்டை இடது பின் சீட்டில் சாய்த்து வேட்டி மாதிரி இடுப்பில் கட்டுகிற ஒரு லாவாலாவாவை எடுத்துப் போர்த்தினான். மூன்றாவதை டிக்கியில் இடது ஓரமாகத் தள்ளினான். பெட்டி அடுக்குகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

நிகோ வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கூரையை, கதவை, முன்பொருமுறை தான் இடித்து நெளித்த பம்பரை ஒவ்வொன்றாகத் தொட்டான். பிறகு முன் கதவைத் திறந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கி உட்கார்ந்தான். பெனியமினாவும் ஏறி உட்கார்ந்தான். கண்ணுக்கு நேராக நின்ற வேலிக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு மயிரிழை கோணல் இல்லை.

"சமமா இருக்கா?" என்று கேட்டான் நிகோ.

"சமம்."

நிகோவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்த ஒரு நிமிஷம் பெனியமினா தான் செய்த தில்லுமுல்லை மறந்தே போனான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. காரைக் கிளப்பி வாசல்வரை கொண்டுவந்தான். அப்போதுதான் மோலாங்கி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள்.

"பெனி, என் அரிசியக் காணோம். எடுத்தியா?"

இவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். நிகோ திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தான். கையை நீட்டி லாவாலாவாவை விலக்கினான். இரண்டு மூட்டையும் ஒன்றுமறியாத பயணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"யாருடா இவங்க?"

"அரிசி."

"எத்தன கிலோ?"

"டிக்கில இன்னொண்ணு இருக்கு. எல்லாம் சேத்து எழுபத்தஞ்சு."

நிகோ ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்தான். கணக்குப் போட அவனுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான், அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று கூட இருந்த இருவருக்கும் தெரியவில்லை. பெனியமினாவும் வெட்கமில்லாமல் அழுதான்.

"இடது பக்கம் ரெண்டு ஸ்பிரிங்கும் எனக்குன்னே செஞ்சியா?" என்று கேட்டான் நிகோ.

"உனக்குன்னுதான். போடுவேன்னு சொன்னேன்ல."

"எறக்குடா அரிசிய. எனக்குப் பதிலா மூட்டை உக்காந்து வரணுமா? கோணலாவே போவோம். அப்ப என் பக்கம் தாழ்ந்துச்சு, இப்ப என் பக்கம் ஒசரட்டும். எவன் சிரிச்சா என்ன?"

மோலாங்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின் கதவைத் திறந்தாள். ஒவ்வொரு மூட்டையாக வெளியே இழுத்து வாசலில் போட்டாள், டிக்கியிலிருந்ததையும் போட்டாள். மகன்களைக் கூப்பிட்டு உள்ளே கொண்டு போகச் சொன்னாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, நிகோவுக்கு நேர் பின்னால், இடது ஓரமாக ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தூக்கிக்கொண்டிருந்த பக்கம் நிதானமாக இறங்கி வந்து சரியாக நின்றது.

"மோலாங்கி, நீ எத்தன மூட்டை?" என்றான் நிகோ.

"வாய மூடிட்டு ரோட்டைப் பாரு. பெனி, வண்டிய எடு."

போனார்கள். சனிக்கிழமைச் சந்தையைத் தாண்டி, தேவாலய வாசலில் ஒரு நிமிஷம் நின்று, பிறகு கடலோரமாக மாங்கெரே பாலம்வரை. நீர் வடிந்து சேறு தெரிந்தது, தலைக்குமேல் விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிப்பாகம் சர்ரென்று தேய்ந்தது. வயிறு வலிக்கிறதா, மெதுவாகப் போகட்டுமா என்று பெனியமினா கேட்டான். வலிக்கத்தான் செய்கிறது, நீ போ என்றான் நிகோ. ஜன்னலை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டான். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஊர் வழக்கப்படி புருவத்தை உயர்த்தி வணக்கம் சொன்னான்.

பாலத்துக்கருகே காரை நிறுத்தியபோது நிகோ முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னிக்குத் தேவாலயத்துலேருந்து நடந்தேன்ல. காலு என்னா வலி வலிச்சுது தெரியுமா? நீ பக்கத்துலயே ஓட்டிட்டு வந்தே. போயிருந்தீனா அங்கயே உக்காந்து அழுதிருப்பேன்."

பின்னாலிருந்து மோலாங்கி கையை நீட்டி நிகோவின் தோளில் வைத்தாள். இனிமேல் என்னால் வர முடியாது, இதோடு சரி என்றான் அவன். தெரியும் என்றார்கள் இருவரும்.

ஆகஸ்டில் பிரிஸ்பேனிலிருந்து செய்தி வந்தது. பெனியமினா போய், கல்லறைவரை நிகோவின் பெட்டியைத் தூக்கினான். ஆறு பேர் தூக்கினார்கள், ஆனாலும் அதன் எடை அவன் கைக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது ஃபமிலியாவுக்கு வாரண்ட் முடிந்திருந்தது. காரைச் சோதனைக்குக் கொண்டுபோனான். சோதித்தவர் இளைஞர், இந்த வட்டாரத்துக்குப் புதியவர். விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டு, முன்னால் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். இடது பக்கம் நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சட்டப்படி தப்பில்லை, ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார். வலது பக்கத்து ஸ்பிரிங் மாதிரியே இடது பக்கத்துக்கும் இரண்டு வாங்கிப் போட்டால் போதும், பெரிய செலவு ஆகாது என்று அக்கறையாகத்தான் சொன்னார்.

"வேணாங்க," என்றான் பெனியமினா. "அந்தப் பக்கம் என் ஃப்ரெண்டு உக்காருவான்."

சோதனைக்காரர் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய ஆளா? எத்தன கிலோ இருப்பாரு?"

"நூத்தைம்பது," என்றான் பெனியமினா.